கத்தி படாத குழம்பு

ஜூலை 17, புதன். ஆடி 1

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் இங்கேயே மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படியுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். டீச்சரிடம் வேண்டாம். சுபியிடம் வேண்டாம். எங்கள் அம்மாவிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். நீங்கள் யாராக இருந்தாலும் உங்களுக்கு ஒரு அம்மா இருப்பார்கள் அல்லவா?

இது விலங்கியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம். முன்பக்கத்தில் கரப்பான்பூச்சி இருக்கிறது. அதைத் தாண்டி அம்மா புரட்டமாட்டாள்.

நான் மிதுனா. பதினொன்றாம் வகுப்பு. பெருந்துறையில் அம்மாவும் நானும் இருக்கிறோம். அப்பா லாரியில் வடக்கே போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அம்மா துளசிமணி, நாச்சிமுத்து மாஸ்டரின் கல்யாண சமையல் குழுவில் காய் வெட்டுகிறவள். வெட்டினவள் என்று எழுத வேண்டும். எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெட்டுவார்கள், நடுவில் அம்மா. அவள் வெட்டும் கேரட்டைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அளவு வைப்பார்கள்.

வைகாசியில் ஒரு முகூர்த்தத்தில் அம்மாவின் வலது கை அறுபட்டுவிட்டது. பூசணிக்காய் வழுக்கியது. உள்ளே நரம்பைத் தைத்தார்கள், ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. இனியும் முழுக்க மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இன்று மாஸ்டர் வந்தார். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் அவருக்கு வேலையில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் உம்பட எடத்துக்கு ஆளப் போடமாட்டேன் அம்மிணி. அதுக்குமேல என்னால ஆகாது. பாத்திரம் கழுவறதுக்கு வேணா வந்துரு."

"பாக்கலாமுங்க மாஸ்டர்," என்றாள் அம்மா. இரண்டு விரலும் டம்ளரைத் தொடாமல் நீட்டிக்கொண்டே இருந்தன, யாரையோ சுட்டிக் காட்டுவது மாதிரி.

என்னைத்தான் என்று நினைத்து எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

எங்கள் வீட்டில் இப்போது கத்தியே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மா எல்லாவற்றையும் பழைய சேலைத் துணியில் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டாள். இரண்டு மாதமாகக் கத்தி படாத குழம்புதான். கீரை, பருப்பு, கிள்ளிப் போட்ட அவரைக்காய். தக்காளியைக் கையால் பிசைந்து விடுகிறாள். சின்ன வெங்காயம் முழுசாகக் கிடக்கும். ருசியாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டில் பூச்சு வேலை நடக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன். மேஸ்திரி சுவரைத் தேய்க்கும் கட்டைக்குப் பிடி பக்கவாட்டில் இல்லை, முதுகில் இருக்கிறது. உள்ளங்கையால் அழுத்துகிறார். ஒரு பீடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டே தேய்த்தார். அந்த இரண்டு விரலும் வேலையே செய்யவில்லை.

கத்திக்கும் முதுகில் பிடி வைத்தால் என்ன?

ஜூலை 21, ஞாயிறு

பழைய இரும்புக் கடைக்குப் போனேன். சுபி கூட வந்தாள். சுபிக்ஷா என் வகுப்பு. அவர்கள் வீட்டில் இஸ்திரி போடுகிறார்கள், கரி எப்போதும் இருக்கும். பாதி உண்மையைச் சொல்லித்தான் அவளைச் சேர்த்தேன், அம்மாவுக்குக் கத்தி செய்யப் போகிறேன் என்று.

"கடையில வாங்கறதுக்கு என்னடி கேடு?"

"இந்த மாதிரி கடையில இல்ல."

"இல்லாததுக்கு ஏதாவது காரணம் இருக்கும் லூசு."

மர மில்லில் உடைந்த வட்ட ரம்பம் ஒன்று அங்கே கிடந்தது, பாதி நிலா மாதிரி. அந்த வளைவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கடைக்காரரிடம் பத்தாம் வகுப்பு நோட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டோம்.

"இத வெச்சு என்ன பண்ணப் போற பாப்பா?"

"ஸ்கூல் புராஜெக்ட்டுங்ணா."

பொய் சொல்ல எனக்கு இப்போது சுலபமாக வருகிறது.

ஜூலை 24, புதன்

எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் தட்டினாள். ஆஸ்பத்திரியில் வலது கை வளையலை வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது இடது கையால்தான் தட்டுகிறாள், அதில் வளையல் நிறைய. முதலில் வளையல் குலுங்கும், அப்புறம்தான் தட்டும் சத்தம். நோட்டை மறைக்க அந்த நேரம் போதும்.

ஜூலை 27, சனி

எரிந்து போனது: சுபியுடைய அக்காவின் ஹேர் டிரையர் ஒன்று. சுடிதார் துப்பட்டா ஒன்று, அரை முழம். என் வலது கட்டைவிரல்.

ரம்பம் ரொம்பக் கெட்டி. அரம் ஏறவே இல்லை. கைபேசியில் தேடிப் பார்த்தோம். சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டால் மிருதுவாகுமாம். அப்படி வியாழக்கிழமையே செய்து, நேற்றும் இன்றும் அறுத்ததில் மூன்று துண்டு கிடைத்தது. இனி மறுபடியும் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் பழையபடி கெட்டியாகும். எங்கள் கொல்லையில் பழைய சிமெண்டுச் சட்டியில் கரி, அடியில் ஓட்டை, ஓட்டையில் ஹேர் டிரையர். தகடு செம்பருத்தி நிறத்துக்கு வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு அழகு. வாளித் தண்ணீரில் முக்கினேன்.

டிங்.

சின்னச் சத்தம்தான். எடுத்துப் பார்த்தால் நடுவில் முடி மாதிரி ஒரு விரிசல்.

"கோபப்பட்டுருச்சுடி," என்றாள் சுபி. "பச்சத் தண்ணிய ஊத்துனா யாருக்குத்தான் கோபம் வராது? எங்க வீட்டுக் கண்ணாடி பாட்டிலு ஒண்ணு இப்படித்தான் வெடிச்சுது." அப்புறம்தான் டிரையரிலிருந்து புகை வருவதைப் பார்த்தாள்.

எண்ணெயில் முக்க வேண்டுமாம். மூன்று நான்கு லிட்டர் எண்ணெய்க்கு நான் எங்கே போவது?

ஜூலை 28, ஞாயிறு

அதிர்ஷ்டம் என்றால் இதுதான். அம்மா மாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டு, வடை சுட்டு மிஞ்சிய கருத்த எண்ணெய் ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து கொல்லைப்புறம் வைத்தாள்.

"எதுக்கும்மா இது?"

"கெடக்கட்டும். எதுக்காச்சும் ஆவும்."

அம்மா இப்படி எதையும் சேர்த்து வைக்கிறவள் இல்லை. வயதாகிறது போல.

இரவு என் தலையணை பக்கத்தில் தீப்புண் மருந்து இருந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்று நான் சொல்லியிருந்தேன். அம்மா நம்பிவிட்டாள், நல்லவேளை.

ஜூலை 30, செவ்வாய்

கத்தி செய்வதில் எனக்குப் பயம் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் இரும்பும் கரியும் சேர்ந்தால் எஃகு என்றார். நான் மட்டும் சிரித்தேன். "என்ன மிதுனா சிரிப்பு?" என்று நிற்க வைத்துவிட்டார். நின்றுகொண்டே சந்தோஷமாக இருந்தேன். இந்த வருஷத்தில் முதல் தடவை.

சந்தோஷமாக இருப்பது சரியா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். காய் வெட்டும் இடத்தில் ஒரு விதி உண்டு. கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது. கீழே வைக்க வேண்டும். கேட்டவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அம்மா முதலில் சொல்வது இதுதான். "வெக்கோணும், எடுக்கோணும். அவ்ளோதான் வேல. மத்ததெல்லாம் தானா வரும்."

எனக்கு இது ஆறு வயதிலிருந்து தெரியும்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடி 18

ஆடிப்பெருக்கு. அம்மா பக்கத்து வீட்டு அக்காக்களோடு பவானி ஆற்றுக்குப் போய்விட்டாள். நான் வரவில்லை, தலைவலி என்றேன். "சரி, கொல்லையில காத்தோட்டமா இரு," என்று சொல்லிவிட்டுப் போனாள். தலைவலிக்குக் கொல்லையா?

சுபி கரி மூட்டையோடு வந்தாள். டிரையருக்குப் பதிலாகச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு. அவள் அடிக்க, நான் இடுக்கி பிடித்தேன்.

இரண்டாவது துண்டை எண்ணெயில் படுக்கப் போட்டேன். அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது.

மிச்சம் ஒன்றே ஒன்று. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பண்டிகைக்கு அம்மா காய்ச்சி வைத்திருந்த தேங்காய்ப்பாலைக் குடிக்கலாமா என்றாள் சுபி. குடித்தோம்.

முதலில் மேல் பக்கத்தின் இரண்டு நுனியையும் சிவக்கக் காய்ச்சி, சுத்தியால் தட்டிக் காது மாதிரி நிமிர்த்தி, ஆணி நுழைய ஓட்டையும் போட்டேன். பிடி அதில்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் இரும்பு களிமண் மாதிரி கேட்டது, சொன்ன இடத்துக்கு வந்தது. அப்புறம் முழுவதையும் காய்ச்சி, இந்த முறை நேராக, வெட்டும் வாய்ப்பக்கம் முதலில், மெதுவாக எண்ணெயில் இறக்கினேன். நெருப்பு ஒரு முழம் எழும்பி அடங்கியது. சத்தம் வரவில்லை. கொல்லை முழுக்க வடை வாசனை.

"டிங் வரலடி," என்று சுபி குசுகுசுத்தாள், சாமி முன்னால் பேசுவது மாதிரி.

அரத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு கெட்டி. ஆனால் அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே உடைந்துவிடுமாம். கடலை வறுக்கிற சட்டியில் மணலைச் சூடாக்கி அதற்குள் புதைத்தோம். மேலே தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓரத்தில் நிறம் மாறும், வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். இரண்டு பேரும் சட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது.

மாலையில் அம்மா வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"வட சுட்டியா கண்ணு?"

"சுபி ஆசப்பட்டா."

"எனக்கு ஒண்ணும் வெக்கலியா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பிடிக்கு மரம் தேடி அலுத்துவிட்டேன். கிரிக்கெட் மட்டை லேசு, நசுங்குகிறது. மண்வெட்டிக் காம்பு பெரிது.

ஆகஸ்ட் 7, புதன்

அம்மா தறிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து வாசலில் ஒரு பழைய நாடாவைப் போட்டாள். தறியில் நூலை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டு ஓடுமே, அது. படகு மாதிரி இருக்கும். வருஷக்கணக்கில் ஓடி ஓடிக் கண்ணாடி மாதிரி வழவழப்பு. கல் மாதிரி கெட்டி.

"அடுப்புப் பத்த வெக்க ஆவும்னு எடுத்தாந்தேன்."

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. அம்மாவுக்கு ரொம்ப மறதி வந்துவிட்டது. அவள் உள்ளே போனதும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கொண்டது. நடுவில் இருக்கும் பள்ளத்தில் கத்தியின் இரண்டு காதும் சரியாக நுழையும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பூசணிக்காய் வழுக்கியது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது எல்லாரும் சொல்வது. அன்றைக்கு அம்மா பூசணிக்காயைத் தொடக்கூட இல்லை. வெட்ட ஆரம்பிக்கத்தான் கத்தி கேட்டாள்.

இதற்கு மேல் இன்று முடியவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

சைக்கிள் ஸ்போக்கை வெட்டி ஆணியாக அடித்துப் பிடியை இறுக்கினேன். நாடாவின் இரும்பு மூக்கு இரண்டையும் கழற்றிவிட்டேன், இல்லாவிட்டால் உள்ளங்கையைக் குத்தும். பள்ளத்தில் காதைச் சுற்றி அரக்கு காய்ச்சி ஊற்றினேன், காய்ச்சாறு உள்ளே போகாது.

ஆகஸ்ட் 14, புதன்

சாணைக்கல்லில் மூன்று நாள் தேய்த்தேன். என் இரண்டு விரலையும் துணியால் கட்டிக்கொண்டு, மடக்க முடியாதபடி குச்சி வைத்து, சுபி வீட்டில் வெட்டிப் பார்த்தேன். தக்காளி. கேரட். வெண்டைக்காய். அழுத்தி உருட்டினால் போதும், வளைவு தானாகப் போய்த் தானாக வருகிறது.

"பூசணிக்காயும் பாத்துருவமாடி? எங்க வீட்டுல ஒண்ணு இருக்குது," என்றாள் சுபி.

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். நேரமாயிற்று என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி. ஆவணி 1

விடிகாலையில் கத்தியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு கத்தரிக்காய். சொல்லவில்லை, கையில் கொடுக்கவில்லை. வைத்தேன். எடுப்பதும் எடுக்காததும் அம்மா பாடு.

முகூர்த்தம் இருபத்திரண்டாம் தேதி.

இரவு: மேடையைத் துடைத்திருக்கிறாள். கத்தி ஜன்னல் ஓரம் நகர்ந்திருக்கிறது. கத்தரிக்காயை முழுசாகச் சுட்டுத் துவையல் அரைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அங்கேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் டப்பாவில் வாழைக்காய் வறுவல். இரவும் வாழைக்காய். காய்க்கடை அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுல என்ன விசேஷம்? அம்மா நேத்தும் இன்னிக்குமா மூணு கிலோ வாழக்கா வாங்கிட்டுப் போச்சு," என்றார். விலை குறைந்திருக்கும் போல.

காலையில் துண்டுகள் ஒன்று மலை, ஒன்று மடு. இரவில் எல்லாம் ஒரே அளவு.

எதையும் நினைக்கமாட்டேன். நினைத்துவிட்டு இல்லை என்று ஆகிவிட்டால்?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மாஸ்டர் வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய வெள்ளைப் பூசணி. அம்மா வேலைக்கு வருவாளா என்று கேட்க வந்தவர் கேட்காமல் அதைத் தரையில் வைத்தார். பள்ளிக்கூட உடையோடு கதவோரம் நின்றுவிட்டேன்.

அம்மா கீழே உட்கார்ந்தாள். ஜன்னல் ஓரத்திலிருந்து கத்தியை எடுத்துப் பலகை மேல் வைத்தாள்.

"இதென்ன துளசி, கத்தியா, சொவரு பூசறதா?"

"எதுக்கு வெட்டோணும், அதச் சொல்லுங்க."

"மோர்க்கொழம்புக்கு."

பூசணியின் தலையில் வளைவை வைத்தாள். உள்ளங்கை பிடியில். மடங்காத இரண்டு விரலும் முன்னால் நீட்டிக்கொண்டு, இந்த முறை யாரையும் சுட்டவில்லை, வழி காட்டிக்கொண்டு போயின. உடம்பு எடையை இறக்கினாள். பூசணி இரண்டாகத் திறந்தது. அப்புறம் எனக்குத் தெரிந்த அந்தச் சத்தம், டக் டக் டக், முதலில் மெதுவாக, பிறகு மழை பிடிக்கிற மாதிரி.

மாஸ்டர் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தார். மூன்றாவதையும் வைத்தார். அடுக்கு நேராக நின்றது.

"பழைய வேகம் இல்ல."

"அது ஒரு வாரத்துல வந்துரும்."

"இதக் குடு, பாப்போம்," என்று கை நீட்டினார். அம்மா பலகை மேல் வைத்தாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, பலகையிலிருந்து எடுத்தார். புரட்டிப் பார்த்தார்.

"நாடாவா இது? எந்தப் பட்டறையில பண்ணுனது?"

"வீட்டுல கெடந்துச்சுங்க."

"எங்க வீட்டுல இப்படியெல்லாம் ஒண்ணும் கெடக்க மாட்டேங்குதே," என்று என் பக்கம் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு ராத்திரி பன்னண்டு மணிக்கு வேன் வரும். நடு எடம் உனக்குத்தான். தூங்கிப் போடாதே."

அவர் போன பிறகு மோர்க்குழம்பு. மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டேன். அம்மாவும் நானும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 21, புதன்

மணி பதினொன்று. அம்மா கிளம்பிக்கொண்டிருக்கிறாள். டிபன் பெட்டி மூடும் சத்தம் கேட்கிறது. பரண் மேலிருந்த துணி மூட்டையும் இறங்கிவிட்டது.

இந்த ஒரு மாதமும் எனக்கு நன்றாக இருந்தது. அதனால்தான் இனிமேல் எழுதாமல் இருக்க முடியாது.

வைகாசி முகூர்த்தத்துக்கு நானும் போயிருந்தேன், லீவு. மேடை அலங்காரத்தைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், சுபிக்கு அனுப்ப. அம்மா, "மிது, அந்தப் பெரிய கத்திய இங்க வையி," என்றாள். வை என்றுதான் சொன்னாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே எடுத்து அப்படியே நீட்டினேன். வாய்ப்பக்கம் அவளுக்கு. நான் கீழே வைப்பேன் என்று அவள் கை வந்துகொண்டிருந்தது. கத்தியில் ஏதோ பட்டதும் நான் பயந்து இழுத்தேன். இழுத்தது நான்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். யாரும் என்னைக் கேட்கும் முன்பே அம்மா சொன்னாள்: "பூசணிக்கா வழுக்கிருச்சு." என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்பாவிடமும் அதையேதான் சொன்னாள். என்னிடம்கூட வேறு எதுவும் சொன்னதில்லை. மூன்று மாதமாக அந்தப் பொய்யை அவள் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாள், அறுபட்ட கையால்.

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வராது. பத்து தடவை போய் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் சமையல் மேடையில் ஒன்றை வைக்க எனக்குத் தெரியும். இந்த நோட்டை இந்தப் பக்கத்தில் திறந்து, கத்தி இருந்த இடத்தில் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். கரப்பான்பூச்சியை மறைத்துவிட வேண்டும். அவள் எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம்.

முதல் பக்கத்தில் அம்மாவிடம் காட்டவேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடுகிறேன். மற்றவர்களுக்கு அது இன்னும் உண்டு.

வேன் வருவதற்குள் வைத்துவிட வேண்டும். இப்போதே எழுந்து

கதவு தட்டும் சத்தம். வளையல் குலுங்கவில்லை. அம்மா வலது கையால்